லாச்சிக்குள் கிடக்கும் தொலைபேசி: கட்டற்ற மென்பொருளுக்குப் புதிதாக வருவோருக்கு

யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டு மேசை லாச்சியை இழுத்தாலும் பழைய தொலைபேசி ஒன்று கிடைக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மாமா விட்டுவிட்டுப் போனது, சித்தி லண்டனிலிருந்து பொதிக்குள் வைத்து அனுப்பியது, தம்பி புதியது வாங்கியதும் ஒதுக்கிவைத்தது. திரை உடைந்திருக்காது. கமரா வேலை செய்யும். பற்றரியும் ஒரு பகல் தாங்கும். என் பெரியம்மா தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் கேட்டார்: “தம்பி, போன் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகேன் இனிப் பாவிக்க முடியாது என்று சொல்கிறது?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. தொலைபேசியின் உடல் சாகும் முன்பே அதன் மென்பொருளைச் செய்தவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். மாமா தந்துவிட்டுப் போன கூகுளின் பிக்சல் 3ஏ 2019 மே மாதம் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புத் தருவதாகச் சொன்னார்கள், 2022 ஆம் ஆண்டோடு அது நின்றது. அண்ட்ராய்டு 12 இற்கு மேல் அது போகாது. காலப்போக்கில் ஒவ்வொரு செயலியாக “உங்கள் கருவி ஆதரிக்கப்படுவதில்லை” என்று சொல்லத் தொடங்கும். அதே 2022 இல்தான் ரூபாய் வீழ்ந்து, சாதாரணமான ஒரு புதிய தொலைபேசியின் விலைகூடப் பலருடைய மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

இந்த ஊர் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது, சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டது. இன்றும் மொரிஸ் மைனர் கார் ஒன்று சந்தியில் திரும்புவதைக் காணலாம். திறந்து பார்க்க முடிகிற பொருளாக இருந்தால் நாங்கள் அதை எறிந்ததில்லை. தொலைபேசியை மட்டும் ஏன் எறிகிறோம்? அதையும் திறக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மென்பொருளைத் திறப்பது என்றால்

அண்ட்ராய்டின் அடிப்படை நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதன் அடியில் இயங்கும் லினக்ஸ் கருவை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். இப்படி மூலநிரலைப் பார்க்கவும் மாற்றவும் மறுபகிர்வு செய்யவும் உரிமை தருகிற மென்பொருளைத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். திறந்த மூல மென்பொருள் என்றும் சொல்வதுண்டு. இலவசம் என்பது அதன் பக்க விளைவு. உரிமைதான் முக்கியம் என்று நான் சொல்வதற்கு இரண்டு நிகழ்வுகள் காரணம்.

சயனோஜென்மொட் என்ற பெயரில் 2009 முதல் ஒரு மாற்று இயங்குதளம், அதாவது தொலைபேசியை இயக்கும் அடிப்படை மென்பொருள், இருந்தது. பிறகு அதைச் சுற்றி ஒரு நிறுவனம் உருவாகி, 2016 டிசம்பரில் அந்த நிறுவனம் சேவைகளை நிறுத்தியது. நிரல் திறந்திருந்ததால் தன்னார்வலர்கள் அதே நிரலை எடுத்து லீனியேஜ் ஓ.எஸ். என்ற புதிய பெயரில் தொடர்ந்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பழைய தொலைபேசிகள் அதனால் இயங்குகின்றன. இரண்டாவது, சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற செயலித் தொகுப்பு. படத்தொகுப்பு, நாட்காட்டி, தொடர்புப் பட்டியல் எனச் சின்னச்சின்னச் செயலிகள். 2023 இறுதியில் அவை ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. பங்களித்தவர்களில் ஒருவர் பழைய நிரலை எடுத்து ஃபொசிஃபை என்ற பெயரில் அப்படியே தொடர்ந்தார். செய்தவர் விலகிப் போனாலும் பொருள் அநாதையாவதில்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் ஒரு கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவதையெல்லாம் அதில் எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் நடுவழியில் உங்கள் தொலைபேசி வெறுமையாகிவிடும்.

முதல் மாதம்: இயங்குதளத்தைத் தொடாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அன்றிரவே இயங்குதளத்தை மாற்றப் புறப்படுவது. முதல் மாதம் செயலிகளை மட்டும் மாற்றுங்கள். இப்போது பாவிக்கும் தொலைபேசியிலேயே செய்யலாம், எதுவும் அழியாது, பிடிக்கவில்லையென்றால் நீக்கிவிடலாம். கூகுள் செயலிகள் இல்லாமல் உங்களால் வாழ முடியுமா, எவை இல்லாமல் முடியாது என்பதும் இந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பின்னால் ஒரு முக்கியமான தெரிவை எடுக்க அது உதவும்.

எஃப்-டிராய்ட் என்பது கட்டற்ற செயலிகளுக்கான கடை. 2010 இல் தொடங்கியது. கணக்குத் திறக்கத் தேவையில்லை, விளம்பரம் இல்லை. பெரும்பாலான செயலிகளை அவர்களே மூலநிரலிலிருந்து கட்டி வெளியிடுகிறார்கள். ஒரு செயலி விளம்பரம் காட்டினாலோ உங்கள் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்தாலோ கட்டற்றதல்லாத சேவையொன்றை நம்பியிருந்தாலோ அதன் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். உலாவியில் எஃப்-டிராய்டின் தளத்துக்குப் போய்க் கோப்பை இறக்குங்கள். திறக்கும்போது, இந்த உலாவியிலிருந்து செயலி நிறுவ அனுமதிக்கவா என்று தொலைபேசி கேட்கும். அனுமதித்து நிறுவிவிட்டு, உலாவிக்குக் கொடுத்த அந்த அனுமதியை அமைப்புகளுக்குள் போய் உடனே திரும்ப எடுத்துவிடுங்கள். கதவைத் திறந்தால் பூட்டவும் வேண்டும்.

நான் முதலில் மாற்றச் சொல்வது விசைப்பலகையை. நீங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லும், கடவுச்சொல்லும் அதன் வழியாகத்தான் போகிறது. ஹெலிபோர்ட் என்ற விசைப்பலகைக்கு இணைய அனுமதியே கிடையாது, எதையும் வெளியே அனுப்ப அதனால் முடியாது. அதில் தமிழ் இருக்கிறது. தமிழ்99 அமைப்பிலோ ஒலிபெயர்ப்பு முறையிலோ எழுதிப் பழகியவர்கள் இண்டிக் கீபோர்ட் என்பதைப் பாருங்கள். பாமினி எழுத்துரு முறையில் கை பழகியவர்களுக்கு முதல் வாரம் கடினமாக இருக்கும். விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வரைபடம். ஓர்கானிக் மேப்ஸில் இலங்கை வரைபடத்தை ஒரு முறை வைஃபையில் இறக்கிவிட்டால் பிறகு இணையமே தேவையில்லை. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவில் இறங்கி, சமிக்ஞை கிடைக்காத பாதையில் சைக்கிள் ஓட்டும்போதும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைக் காட்டும். இதன் தரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து வருகிறது. 2004 இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் யாரும் திருத்தலாம். உங்கள் ஒழுங்கை அதில் இல்லையா? நீங்களே சேர்க்கலாம், தமிழிலேயே பெயரிடலாம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி நடந்து போகும்போதே சின்னக் கேள்விகள் கேட்கும்: இந்த வீதி தார் போட்டதா, இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும். கோவில் தேர்முட்டி, கேணி, வாசிகசாலை எல்லாம் எங்கே இருக்கின்றன என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்?

வி.எல்.சி. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். பிரான்சில் மாணவர்கள் தொடங்கிய அதுவும் கட்டற்ற மென்பொருள்தான், தெரியாமலேயே இத்தனை நாளும் பாவித்திருக்கிறீர்கள். ஒலியோடைகளுக்கு (பொட்காஸ்ட்) அன்டெனாபொட். ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கருவிகளுக்கிடையே டேட்டா செலவில்லாமல் கோப்பு அனுப்ப லோக்கல்செண்ட். கணக்குகளுக்குள் நுழையும்போது கடவுச்சொல்லுக்குப் பின் கேட்கும் இரண்டாம் கட்டக் குறியீடுகளைப் பாதுகாக்க ஏஜிஸ். வாசிக்கிறவர்கள் கே.ஓ.ரீடரை நிறுவுங்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் எண்ணிமப்படுத்தி இலவசமாகத் தந்துவரும் நூலகம் திட்டத்தின் பக்கங்களை அதில் திறந்து, ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கி வாசிக்கலாம். பழைய தொலைபேசி ஒன்றை இதற்காக மட்டும் வைத்திருந்தாலே அது லாச்சியிலிருந்து எழுந்து வந்ததற்கு அர்த்தம் உண்டு.

உங்கள் தொலைபேசி திறக்குமா?

ஒரு மாதம் போய்விட்டது, செயலிகள் பிடித்துவிட்டன. இப்போது லாச்சிக்குள் கிடக்கும் தொலைபேசியை எடுங்கள். அன்றாடம் பாவிக்கும் தொலைபேசியில் முதல் முயற்சியைச் செய்ய வேண்டாம், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். “அன்லாக் செய்த போன்” என்று எங்கள் ஊரில் சொல்வது சிம் பூட்டைப் பற்றியது. எந்த வலையமைப்பின் சிம்மும் வேலை செய்யும் என்பதே அதன் பொருள். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் தொலைபேசிகளைச் சிம் பூட்டு இல்லாமலே விற்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆனால் எங்களுக்கு வேண்டியது வேறு பூட்டு. தொலைபேசியை இயக்கியதும் முதலில் எழும் பூட்லோடர் என்ற சிறு நிரல், தனக்குத் தெரிந்த இயங்குதளத்தை மட்டுமே உள்ளே விடும். அந்தக் காவலைத் தளர்த்த முடிந்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்த தொலைபேசிகளில் இதுதான் ஏமாற்றும். கனடா மாமாக்கள் கொண்டுவரும் சாம்சங் கலக்ஸி எஸ் வரிசைத் தொலைபேசியின் மாதிரி எண்ணைப் பாருங்கள். எஸ் 8 இற்குப் பிந்தியதாக இருந்து, கடைசி எழுத்து கனடாவுக்குரிய டபிள்யூ அல்லது அமெரிக்காவுக்குரிய யூ என்றால் அதன் பூட்லோடர் திறக்காது. ஐரோப்பாவிலிருந்து வந்த அதே தொலைபேசி பழையதாக இருந்தால் திறக்கலாம். சாம்சங்கைத் திறந்தால் நொக்ஸ் என்ற பாதுகாப்பின் உள் உருகி நிரந்தரமாக எரிந்துவிடும், பாதுகாப்பான கோப்புறை போன்ற வசதிகள் பிறகு திரும்பா. அமெரிக்காவின் வெரைசன் வலையமைப்பு விற்ற பிக்சல்களும் திறப்பதில்லை. மற்றப் பிக்சல்கள், ஒன்பிளஸின் பல மாதிரிகள் எளிதாகத் திறக்கும். மோட்டோரோலாவுக்கு அவர்கள் தளத்தில் குறியீடு பெற வேண்டும். ஷாவோமி, ரெட்மி தொலைபேசிகளுக்கு அவர்களுடைய கணக்கில் பதிந்து, வழக்கமாக ஒரு வாரமாவது காத்திருக்க வேண்டும். ஹுவாவே 2018 இலேயே திறவுக்குறியீடு தருவதை நிறுத்திவிட்டது. ஐபோன் இந்தக் கதைக்குள் வராது.

பார்க்கும் வழி இது. அமைப்புகளில் தொலைபேசியைப் பற்றிய பகுதிக்குப் போய், கட்டமைப்பு எண் (பில்ட் நம்பர்) என்ற வரியை ஏழு தடவை தட்டுங்கள். உருவாக்குநர் விருப்பங்கள் என்ற புதிய பகுதி திறக்கும். அதற்குள் ஓ.இ.எம். அன்லாக்கிங் என்று ஓர் ஆளி இருக்கும். அது அசைந்தால் நல்ல சகுனம். சாம்பல் நிறமாக இருந்தால் வைஃபையில் இணைத்து மறுபடி பாருங்கள், அப்போதும் அசையாவிட்டால் அந்தத் தொலைபேசியை முதல் மாதச் செயலிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கஸ்தூரியார் வீதியில் பழைய தொலைபேசி வாங்கப் போகிறவர்கள் பணத்தைக் கொடுக்கும் முன் இந்த ஆளியை அசைத்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் “அன்லாக்” வேறு, இது வேறு.

பிறகு லீனியேஜ் தளத்தின் கருவிப் பட்டியலில் உங்கள் தொலைபேசியைத் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பெயர் உண்டு. பிக்சல் 3ஏ இற்கு சார்கோ. பெரிய திரை கொண்ட 3ஏ எக்ஸ்.எல். வேறு குறிப்பெயர் கொண்டது, அதன் கோப்பு இதற்குப் பொருந்தாது. மாதிரி எண்ணையும் குறிப்பெயரையும் கொப்பியில் எழுதுங்கள். பட்டியலில் இல்லையென்றால் யாரோ ஒருவர் குழுவொன்றில் பகிர்ந்த கோப்பைத் தேடிப் போகாதீர்கள். அது நல்லதாகவும் இருக்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது. முதல் முயற்சி அதிகாரபூர்வக் கோப்பில்தான் இருக்க வேண்டும்.

லீனியேஜைத் தவிர வேறும் உண்டு. பாதுகாப்பே பெரிதென்பவர்களுக்கு கிராஃபீன் ஓ.எஸ்., ஆனால் அது புதிய பிக்சல்களுக்கு மட்டுமே. போஸ்ட்மார்கெட் ஓ.எஸ். முழுமையான லினக்ஸையே தொலைபேசிக்குள் கொண்டுவருகிறது. அழகான முயற்சி, ஆனாலும் அன்றாடப் பாவனைக்கு அதைப் புதியவர்களிடம் கொடுக்க மாட்டேன்.

எல்லாம் அழியும், அதற்கு முன்

பூட்லோடரைத் திறந்த கணத்தில் தொலைபேசிக்குள் இருக்கும் அத்தனையும் அழிந்துவிடும். வேறொருவர் உங்கள் தொலைபேசியைத் திருடித் திறந்தாலும் படங்களைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே படங்களைக் கணினிக்குப் பிரதி எடுங்கள், எடுத்தபின் கணினியில் நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். கோப்புறை வந்துவிட்டது என்று நம்பி, உள்ளே படம் இல்லாமல் போனவர்களை நான் அறிவேன். அப்பப்பாவின் கடைசிப் படம் எங்கேயும் மறுபடி கிடைக்காது.

தொடர்புகளை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் உள்ளே காப்பெடுத்துவிட்டு அதன் கோப்புறையையும் கணினிக்கு எடுங்கள். இரண்டடுக்கு இரகசிய எண் வைத்திருந்தால் அது நினைவிருக்கிறதா என்று பாருங்கள். வைபரில் கதைப்பவர்கள் அதற்குள் தனியாகக் காப்பெடுக்க வேண்டும். ஏஜிஸின் குறியீடுகளைக் கடவுச்சொல்லிட்ட கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள், இதை மறந்தால் மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம். *#06# என்று அழைத்தால் வரும் ஐ.எம்.இ.ஐ. என்ற தொலைபேசியின் அடையாள எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். கடைசியாகத் தொலைபேசியிலிருந்து கூகுள் கணக்கை நீக்குங்கள். நீக்காவிட்டால், அழித்தபின் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டு அது உங்களை வெளியே நிறுத்தும். அந்த உரிமையாளர் ரொறன்ரோவில் உறங்கிக்கொண்டிருக்கும் மாமாவாக இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கணினியைத் தயார் செய்தல்

மடிக்கணினியாக இருக்கட்டும். 2022 இல் நான் மேசைக்கணினியில் கோப்பை அனுப்பிக்கொண்டிருந்தபோது மின்வெட்டு வந்தது. தொலைபேசி பாதிக் கோப்போடு நின்றது. ரிக்கவரி, அதாவது இயங்குதளம் எழாவிட்டாலும் தனியே எழும் மீட்புப் பகுதி, தப்பியிருந்ததால் மின்சாரம் வந்தபின் மறுபடி அனுப்ப முடிந்தது, ஆனால் அந்த நாலு மணி நேரத்தை மறக்கவில்லை. மடிக்கணினியின் பற்றரியும் தொலைபேசியின் பற்றரியும் நிறைந்திருக்க வேண்டும். வயர் முக்கியம்: சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயர்கள் தரவைக் கடத்தமாட்டா. படங்களைப் பிரதி எடுத்த அதே வயரைப் பாவியுங்கள்.

கூகுள் தரும் பிளாட்ஃபோர்ம் டூல்ஸ் என்ற தொகுப்பை இறக்கி விரியுங்கள். அதில் நமக்கு வேண்டியவை இரண்டு: தொலைபேசி இயங்கும்போது அதனோடு பேசும் ஏ.டி.பி., பூட்லோடர் நிலையில் பேசும் ஃபாஸ்ட்பூட். விண்டோஸில் யூ.எஸ்.பி. டிரைவரும் நிறுவ வேண்டியிருக்கலாம். உபுண்டு போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு பெரும்பாலும் அந்தச் சிக்கல் இல்லை.

லீனியேஜ் தளத்தில் உங்கள் குறிப்பெயரின் பக்கத்திலிருந்து இயங்குதளக் கோப்பையும் அதனோடு தரப்படும் ரிக்கவரிப் படிமத்தையும் (இமேஜ் கோப்பு) இறக்குங்கள். இயங்குதளக் கோப்பு ஒரு ஜிகாபைட் அளவு வரும். இரவுநேர டேட்டா உள்ளவர்கள் இரவில் இறக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற நீண்ட சரிபார்ப்பு எண் தந்திருப்பார்கள். உங்கள் கணினியில் அதே எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கோப்பு பழுது, மறுபடி இறக்குங்கள். இடையில் அறுந்து அறுந்து வரும் இணைப்பில் இது அடிக்கடி நடக்கும்.

திறப்பதும் நிறுவுவதும்

கட்டளைகளை உச்சரிப்பாகத் தருகிறேன். நிறுவல் பக்கத்தில் அதே கட்டளைகள் எழுத்துப் பிசகாமல் இருக்கும், அங்கிருந்து பிரதி எடுத்து ஒட்டுங்கள். என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் இந்த விளக்கம். பிக்சல் 3ஏ ஐ எடுத்துச் சொல்கிறேன், மற்றவற்றில் பொத்தான்களும் சில கட்டளைகளும் மாறும்.

முதலில் தொலைபேசியின் சொந்த இயங்குதளத்தை அதன் கடைசிப் பதிப்புக்கு, அதாவது அண்ட்ராய்டு 12 இற்கு, கொண்டுவாருங்கள். வலையமைப்போடு பேசும் மோடம் போன்ற உள்ளுறுப்புகளின் நிரலும் அப்போது புதுப்பிக்கப்படும், லீனியேஜ் அதன்மேல்தான் நிற்கப்போகிறது. பிறகு உருவாக்குநர் விருப்பங்களில் ஓ.இ.எம். அன்லாக்கிங், யூ.எஸ்.பி. டிபக்கிங் இரண்டையும் இயக்கி, வயரால் இணையுங்கள். கட்டளைச் சாளரத்தில் “ஏ.டி.பி. டிவைசஸ்”. தொலைபேசித் திரையில் இந்தக் கணினியை நம்பவா என்று கேட்கும், சம்மதியுங்கள். ஓர் இலக்கமும் அதன் பக்கத்தில் டிவைஸ் என்ற சொல்லும் வந்தால் இருவரும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

“ஏ.டி.பி. ரீபூட் பூட்லோடர்” என்றால் கறுப்புத் திரையில் சிறு எழுத்துகள் வரும். பயப்படாதீர்கள், அதுதான் பூட்லோடர். “ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்” என்று கேட்டு இணைப்பை உறுதிசெய்துவிட்டு, “ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் அன்லாக்”. தொலைபேசி கடைசித் தடவையாகக் கேட்கும். ஒலிப் பொத்தானால் சம்மதத்தைத் தெரிவுசெய்து, பவர் பொத்தானை அழுத்துங்கள். எல்லாம் அழிந்து, புதிதாக வாங்கியது போல எழும். இனி ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை வரும். அது பிழை அல்ல, உண்மையைச் சொல்கிறது, பழகிக்கொள்ளுங்கள்.

மறுபடி பூட்லோடருக்கு வாருங்கள். தொலைபேசியை அணைத்து, ஒலிக்குறைப்புப் பொத்தானையும் பவரையும் சேர்த்துப் பிடித்தால் போதும். இந்தத் தொலைபேசியில் ரிக்கவரிக்குத் தனி அறை கிடையாது, அது பூட் பகுதிக்குள்ளேயே குடியிருக்கிறது. அதனால் கட்டளை “ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் பூட்”, அதன் பின்னால் நீங்கள் இறக்கிய படிமத்தின் பெயர். முடிந்ததும் ஒலிப் பொத்தானால் ரிக்கவரி மோட் என்பதைத் தெரிவுசெய்து நுழையுங்கள். லீனியேஜின் சின்னம் தெரியும். அதில் ஃபேக்டரி ரீசெட், அதற்குள் ஃபோர்மட் டேட்டா. பழைய மறைகுறியாக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் புதிய தளம் எழாது.

முதல் திரைக்குத் திரும்பி அப்ளை அப்டேட், பிறகு அப்ளை ஃப்ரொம் ஏ.டி.பி. கணினியில் “ஏ.டி.பி. சைட்லோட்”, பின்னால் இயங்குதளக் கோப்பின் பெயர். சதவீதம் மெல்ல ஏறும். பல கணினிகளில் 47 வீதத்தில் நின்றுவிட்டதுபோலத் தெரியும், சிலவேளை ஒரு பிழை வரியும் வரும். எத்தனையோ பேர் இந்த இடத்தில் பதறி வயரைப் பிடுங்கியிருக்கிறார்கள். பிடுங்காதீர்கள். தொலைபேசியின் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், வெற்றி என்றிருந்தால் வேலை முடிந்துவிட்டது. 47 என்பது வழக்கமானது.

இப்போது நான் முன்னர் சொன்ன தெரிவு. கூகுள் செயலிகள் வேண்டுமென்றால் அவற்றை இந்த நிமிடமே, முதல் தடவை இயக்கும் முன்னரே சேர்க்க வேண்டும். இயக்கிய பிறகு சேர்த்தால் குழப்பம் வரும், மறுபடி எல்லாவற்றையும் அழிக்க நேரும். லீனியேஜ் தளம் பரிந்துரைக்கும் மைண்ட் த கேப்ஸ் தொகுப்பில் உங்கள் லீனியேஜ் பதிப்புக்குரியதை முன்னரே இறக்கி வைத்திருங்கள். ரிக்கவரிக்கே மறுதொடக்கம் செய்து, அதே சைட்லோட் முறையில் அனுப்புங்கள். கையொப்பம் பொருந்தவில்லை என்று கேட்கும், அது லீனியேஜ் கையொப்பமிட்ட கோப்பல்ல என்பதே காரணம், தொடரலாம். பெரியம்மாவின் தொலைபேசிக்கு நான் கூகுளைச் சேர்த்தேன், வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்கும் செயலிகளில் அவருக்கு ஓர் இடறலும் வரக்கூடாது. என்னுடையதில் சேர்க்கவில்லை. கூகுளின் பிளே ஸ்டோரில் மட்டும் கிடைக்கும் ஓரிரு செயலிகளை அரோரா ஸ்டோர் வழியாக எடுக்கிறேன்.

பிறகு மறுதொடக்கம். முதல் தடவை எழப் பல நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரத்தில் தேநீர் போடலாம்.

எழுந்த பிறகு

மொழிப் பட்டியலில் தமிழைத் தெரிவுசெய்து, அடுத்துவரும் நாடுகளில் இலங்கையைத் தெரிவுசெய்யுங்கள். உள்ளிருக்கும் விசைப்பலகையிலும் தமிழ் உண்டு. முதலில் சிம்மைப் போட்டு ஒருவரை அழைத்துப் பாருங்கள், குறுஞ்செய்தி வருகிறதா என்று பாருங்கள். நாலாம் தலைமுறை வலையமைப்பில் நேரடியாக அழைக்கும் வசதி மாற்று இயங்குதளங்களில் சில தொலைபேசிகளில் வேலை செய்வதில்லை, அழைப்பின்போது சமிக்ஞை பழைய தலைமுறைக்கு இறங்கிவிடும்.

வங்கிச் செயலிகளைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். பூட்லோடர் திறந்திருப்பதைக் கூகுளின் சோதனை கண்டுபிடிக்கும், சில வங்கிச் செயலிகள் அந்தச் சோதனையில் தேறாத தொலைபேசியில் திறக்க மறுக்கும். ஏமாற்றும் வழிகளைக் காணொளிகளில் காட்டுவார்கள். இன்று ஓடும், சம்பள நாளில் நின்றுவிடும். பணம் போகிற தொலைபேசியை அதன் சொந்தத் தளத்திலேயே விடுங்கள் அல்லது வங்கியின் இணையத்தளத்தை உலாவியில் பாவியுங்கள். பாதுகாப்பிலும் ஒரு வரம்பு உண்டு. லீனியேஜ் அண்ட்ராய்டின் துளைகளை அடைக்கிறது, மோடம் போன்ற உள்ளுறுப்புகளின் நிரலை உற்பத்தியாளர் மட்டுமே திருத்த முடியும், அது நின்றது நின்றதுதான். கைவிடப்பட்ட பழைய தளத்தைவிட இது எவ்வளவோ மேல், புதிய தொலைபேசிக்கு ஈடாகாது.

இன்னொன்று: லீனியேஜ் போட்டபின் பூட்லோடரை மறுபடி பூட்டாதீர்கள். எச்சரிக்கைத் திரை பிடிக்கவில்லை என்று பூட்டினால், தனக்குத் தெரியாத தளத்தைக் கண்ட பூட்லோடர் அதை எழ விடாது.

புதுப்பிப்புகள் அமைப்புகளுக்குள் இருக்கும் அப்டேட்டரில் வரும், வழக்கமாக வாரம் ஒன்று. வைஃபையில் ஒரு தட்டலில் நிறுவலாம், தரவு அழியாது, சேர்த்த கூகுள் செயலிகளும் அப்படியே இருக்கும். ஆண்டுக்கொரு முறை பெரிய பதிப்பு மாறும்போது மட்டும் மடிக்கணினியை மறுபடி எடுக்க வேண்டும். அதற்கென்று தனி வழிமுறை அதே பக்கத்தில் இருக்கும், தரவு அழியாமல் செய்யலாம். ஆனாலும் காப்பெடுக்காமல் தொடங்காதீர்கள்.

பாவித்துப் பழகியபின் ஒரு மாலையை ஒதுக்கி, எஃப்-டிராய்டின் மொழிபெயர்ப்புப் பக்கத்தைத் திறந்து தமிழைப் பாருங்கள். மொழிபெயர்க்கப்படாத வரிகளும் இடறும் வரிகளும் தென்படும். கணக்கொன்றைத் திறந்து ஒரு வரியைத் திருத்தலாம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும்.

கொப்பியில் கடைசியாக எழுத வேண்டியவை: நிறுவிய திகதி, லீனியேஜ் பதிப்பு, கூகுள் தொகுப்பின் கோப்புப் பெயர், எந்தப் பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்தால் ரிக்கவரி வரும் என்பது. பெரியம்மாவின் தொலைபேசிக்குரிய பக்கத்தைப் பிரதி எடுத்து, மடித்து, உறைக்குள் தொலைபேசியின் முதுகோடு வைத்திருக்கிறேன். அடுத்த பெரிய பதிப்பு வரும்போது நான் ஊரில் இல்லாவிட்டாலும் அவருடைய பேத்தி அதைப் பார்த்துச் செய்துகொள்வாள்.